வேண்டிய மூட்டை கனக்காது

நாகனூர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு மனசு வந்தது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அது ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, என் பாய்லரில் இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றிய நேரம் என்று அடித்துச் சொல்வேன். அன்றைக்குத்தான் எங்க வீட்டுக்காரர் தோளில் ஏற்றிய முருங்கைக்காய் மூட்டை இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி ஏறியது, அடுத்து ஏற்றிய சுரைக்காய் மூட்டை ஆட்டுக்கல் மாதிரி உட்கார்ந்தது, இரண்டும் தராசில் ஐம்பது கிலோ, கிராம் பிசகாமல் ஐம்பது கிலோ. அவர் இறக்கி வைத்துவிட்டு என் கடைக்கு வந்தார், ஒரு டீ குடித்தார், இன்றைக்கு மூட்டையெல்லாம் ஒரு தினுசாக இருக்கிறது என்றார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் தூக்கப் போனார். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை, அன்றைக்கும் மார்க்கெட் எப்போதும்போல மூன்று மணிக்கு முடிந்தது.

நான் வீராயி. மார்க்கெட் வாசலில், எடைமேடைக்குப் பக்கத்தில், இருபது வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறேன். உள்ளே மூட்டை ஏறினால் என் டீ ஓடும், ஏறாவிட்டால் மிச்சப் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரர் அங்கே சுமை தூக்குகிறவர். அவர் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனால் யார் எவரென்று தெரியாமல் நீங்கள் விழிப்பீர்களே என்று ஒரே ஒரு தடவை சொல்கிறேன், ஒண்டிமுத்து. மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பக் கேட்கக்கூடாது. இடது புஜத்தில் நாற்பத்தொன்று என்று நம்பர் போட்ட பித்தளை வில்லை கட்டியிருப்பார். அந்த வில்லை இருந்தால்தான் எங்கள் மார்க்கெட்டில் மூட்டையில் கை வைக்கலாம்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தது ஒரு செட்டு. யார் எத்தனை மூட்டை தூக்கினாலும் சாயங்காலம் கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதனாலேயே, முடியாதவனை மற்ற பதினொரு பேரும் சேர்த்துச் சுமக்க முடியாது என்று அவர்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள், வருஷத்தில் மூன்று மூட்டையைக் கீழே போட்டவன் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்துக்கு முதல் கை தூக்கியது யாரென்று நினைக்கிறீர்கள்? எங்க வீட்டுக்காரர்தான். அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு, முழங்கால் இரண்டும் தேக்குக் கட்டை. இப்போது ஐம்பத்திநாலு, வலது முட்டி தேய்ந்து மாவாகிவிட்டது. தேய்ந்ததற்கு மூட்டை மட்டும் காரணமில்லை, அவருடைய தேவையில்லாத அக்கறையும்தான் காரணம். லாரியில் மூட்டைகளை அடுக்குவதை அட்டி போடுவது என்று சொல்வோம். செட்டில் யார் வேண்டுமானாலும் போடுவார்கள், அதற்கென்று தனிக் கூலி கிடையாது. ஆனால் மலைச் சுரம் இறங்கி மலையாளத்துக்குப் போகிற வண்டி என்றால், இந்த மனுஷன் தன் பங்கைத் தூக்கி முடித்த பிறகும் வண்டி மேலே ஏறி, ஒவ்வொரு மூட்டையையும் முட்டியால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்து, இதை அந்தப் பக்கம் தள்ளு, அதை அடியில் போடு என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டி டாக்டர் என்று செட்டுக்காரர்கள் கேலி பேசியதுதான் கண்ட பலன்.

மூட்டைகள் லேசாகவும் கனமாகவும் மாற ஆரம்பித்த அந்த வாரம், சாயங்காலம் நல்லெண்ணெய் காய்ச்சி அவர் முட்டியில் தேய்த்துக்கொண்டே, இனிமேல் உங்கள் கால் தப்பித்தது, பாதி மூட்டை பஞ்சாகிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் சிரித்தார். லேசு கனமெல்லாம் தோளுக்குத்தான், முட்டிக்கு எப்போதும் அதே ஐம்பது கிலோதான், அதை ஏமாற்ற முடியவில்லை என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த மூட்டை லேசு, எந்த மூட்டை கனம் என்பது பத்து நாளாக யாருக்கும் பிடிபடவில்லை. மழையில் நனைந்ததா என்று பார்த்தார்கள், எந்த ஊர்க் காடு என்று பார்த்தார்கள், சாக்குப் பையை மாற்றிப் பார்த்தார்கள், கண்ணேறு கழித்தும் பார்த்தார்கள். பதினோராம் நாள் எங்க வீட்டுக்காரர் பீட்ரூட் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாக வந்துகொண்டிருந்தார். மண்டி முதலாளி தண்டபாணிக்குப் போன் வந்தது. போனில் சுரத்துக்கு அந்தப் பக்கத்து வியாபாரி வர்கீஸ், எப்போதும்போல ஊருக்கே கேட்கிற குரலில், பீட்ரூட் இருநூறு மூட்டை உடனே வேண்டும் என்றார். வேண்டும் என்ற சொல் போனிலிருந்து வெளியே வந்ததுதான் தாமதம், எங்க வீட்டுக்காரர் முதுகிலிருந்த மூட்டை முயல்குட்டி மாதிரி லேசாகிவிட்டது, அழுத்திக்கொண்டு நடந்த வேகத்துக்கு மனுஷன் நாலடி முன்னால் ஓடிப்போய் என் பெஞ்சைப் பிடித்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்தார். "அங்க யாருக்கோ பசிக்குது, புள்ள" என்றார் என்னிடம். இருபத்தெட்டு வருஷம் சுமந்த ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, எங்களுக்கும்தான்.

அதற்குப் பிறகு ஊர் அதைக் கரண்டு வந்த மாதிரி பழகிக்கொண்டது. தராசு இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து எல்லாத் தராசையும் சோதித்து, எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் யாரும் பார்க்காதபோது ஒரு கத்தரிக்காய் மூட்டையை விரலால் தூக்கிப் பார்த்து, என் கடையில் இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார். முதலாளிகள் ஏலத்துக்கு முன்னால் சுமைக்காரர்களைக் கூப்பிட்டு, ஏப்பா, இதைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லு என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள், தூக்கியவர்கள் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்துக் காட்டி விளையாடினார்கள். மார்க்கெட்டுக்குள் திரிந்த ஒரு கிழட்டு நாயை அப்புறப்படுத்த நாலு பேர் காலுக்கு ஒருவராகப் பிடித்து இழுத்தும் அது அசையவில்லை. வெங்காயம் தரம் பிரிக்கிற பாப்பாத்தி வந்து, எங்க வீட்டுக்கு ஒரு நாய் வேணும்னு நான் எத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று அதை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் மூட்டைக்கு மட்டுமில்லை, உயிருக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. பெண்களெல்லாம் அவரவர் மாமியாரைத் தூக்கிப் பார்க்கப் போவதாக ஒரு வாரம் சொல்லிச் சிரித்தோம், யாரும் தூக்கவில்லை, எங்களுக்கும் பயம் இருக்குமல்லவா.

ஒரு வழக்கமும் வந்தது, யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது சுமைக்காரர்கள் மேற்கே திரும்பி ஒரு கும்பிடு போட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்கிறீர்கள்? பேர் தெரியாது, முகம் தெரியாது, பாஷை தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பொம்பளை, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு யோசிக்கிறாள் பாருங்கள், அவளைத்தான். நானும் பிள்ளையாருக்கு வைக்கிற முதல் டம்ளர் டீக்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளர் மேற்குப் பார்த்து வைத்தேன்.

ஆவணியில் ஓணம் வந்தது. அடேயப்பா, அந்தப் பத்து நாளும் மார்க்கெட்டில் கனம் என்ற சொல்லே இல்லை. சேனை, வெள்ளரி, பூசணி, தட்டைப்பயறு எல்லாம் மூட்டை மூட்டையாக மிதந்தன, காற்றடித்தால் பறந்துவிடுமோ என்று சாக்கின் மேல் கல் வைத்தார்கள். அப்போது தண்டபாணிக்கு ஒரு யோசனை வந்தது, ஆள் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களுக்கும் யோசனை வந்து தொலைக்கிறதே. பஞ்சு தூக்குவதற்கு எதற்குப் பழைய கூலி, பாதி போதும் என்றார். சுமைக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளையும் முதலாளியின் மச்சானும் மைத்துனனும் விரலால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் முப்பத்தாறு லாரி, ஒவ்வொன்றுக்கும் இருநூறு மூட்டை, ஒவ்வொரு லாரியிலும் ஹாரன். எடை போனாலும் எண்ணிக்கை போகவில்லையே. மத்தியானம் ஒரு மணிக்கு மச்சானுக்குக் கால் வீங்கிவிட்டது, இரண்டு மணிக்குப் பக்கத்து மண்டிக்காரர் ஒருவர் பழைய கூலிக்கு மேலே போட்டுத் தருகிறேன் என்று எங்கள் செட்டை இழுக்கப் பார்த்தார், மூன்று மணிக்குத் தண்டபாணியே என் கடைக்கு வந்து எல்லோருக்கும் டீ சொல்லி, ஒன்றரைப் பங்கு தருகிறேன், எழுந்து வாங்கப்பா என்றார். அந்த ஓணத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஓடு மாற்றினோம். பஞ்சைத் தூக்கி ஓடு மாற்றியவர்கள் நாங்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் கெடுகாலம் காட்டில் முளைத்துக்கொண்டிருந்தது. ஆனி ஆடியில் பூசணி மூட்டை காற்றாய்ப் பறந்ததைப் பார்த்த சம்சாரிகள் ஆடிப்பெருக்கன்று ஒருவர் விடாமல் பூசணி விதைத்திருந்தார்கள். சோளம் போட்டவன் பூசணி போட்டான், மிளகாய் போட்டவன் பூசணி போட்டான், வாய்க்கால் வரப்பில்கூட விதையைத் தூவிவிட்டார்கள். ஐப்பசியில் அது அத்தனையும் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கியது, அந்தப் பக்கமோ ஓணச் சாப்பாடு சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகி, கடும் மழை வேறு, பூசணி என்று ஒரு காய் இருப்பதையே மறந்துவிட்டார்கள். சாமி, அந்தக் கனத்தை நான் எப்படிச் சொல்வேன்! ஒரு மூட்டைக்கு இரண்டு பேர் போதவில்லை, மூன்று பேர் போதவில்லை, இறக்கி வைத்த இடத்தில் தரை இரண்டு விரல் அமுங்கியது. கூலியோ நாளுக்கு நாள் குறைந்தது. எங்க வீட்டுக்காரர் செட்டில் அந்த மாதம் மட்டும் இரண்டு பேர் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு திருப்பூருக்குப் போனார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? நான் நேராகத் தண்டபாணி மண்டிக்குப் போனேன். லேசாக இருந்த காலத்தில் ஒன்றரைப் பங்கு கொடுத்தீர்கள், இப்போது முதுகெலும்பு முறிகிற கனம், இதற்குப் பாதிக் கூலி கொடுக்கிறீர்கள், இது எந்த ஊர் நியாயம் முதலாளி என்று கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. அவர் மேஜை முன்னால் விற்காத பூசணிக்காய் தலை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது, அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ கேக்கறது ஞாயந்தான் வீராயி. ஆனா நான் என்னைக்குக் கனத்துக்குக் கூலி குடுத்தேன்? மலைக்கு அந்தாண்ட ஒருத்தி வேணும்னு சொல்லுவா, அது வர்கீஸ் கைக்கு வந்து, என் கைக்கு வந்து, அதுக்கப்புறந்தான் உங்க கைக்கு வரும். அவ வாயத் திறக்கலைன்னா நான் எங்கம்மா போவேன்?"

ஒரு பூசணிக்காயைச் சும்மா கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு வரைக்கும் அதைத் தூக்கி வருவதற்குள் கை விட்டுப்போயிற்று.

அந்த மழையில் எங்க வீட்டுக்காரர் இரண்டு மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். ஐப்பசி ஐந்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு மூட்டைக்குக் குனியும்போதும் நான் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு நிற்பேன், அவர் இறக்கி வைத்த பிறகுதான் மூச்சு விடுவேன். வீட்டில் இருந்துவிடுங்கள், டீக்கடையை வைத்துச் சமாளிப்போம் என்று நான் சொல்ல நினைத்ததுண்டு, ஆனால் மூட்டை இல்லாத மார்க்கெட்டில் டீ யார் குடிப்பார்கள்? அதைவிட, வில்லை இல்லாத புஜத்தோடு அந்த மனுஷனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஐப்பசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு, டிராக்டரிலிருந்து பூசணி மூட்டையை முதுகில் வாங்கித் திரும்பினார், வலது கால் மடிந்தது, மூட்டை தரையில் விழுந்து வாய் பிளந்து பூசணிகள் எடைமேடை வரைக்கும் உருண்டு வந்தன.

செட்டு மேஸ்திரி கோட்டைச்சாமி, எங்க வீட்டுக்காரரிடமே தொழில் பழகியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் எதையும் பார்க்கவில்லை அண்ணே என்றார். எங்க வீட்டுக்காரர் வில்லையைக் கழற்றினார், துண்டால் ஒரு தடவை துடைத்தார், கோட்டைச்சாமி கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்து விரல்களை மூடிவிட்டார். சட்டத்துக்கு முதல் கை தூக்கியவன் நான்தானப்பா என்றார். பிறகு மண்டி மேடையில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் போகலாம் வாங்க என்று கூப்பிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை புள்ள என்றார். கோட்டைச்சாமி தூக்கிப் பார்த்தார், செட்டே சேர்ந்து தூக்கிப் பார்த்தது, பக்கத்துச் செட்டும் வந்தது, இருபது பேர் கயிறு போட்டு இழுத்தார்கள், மனுஷன் அசையவில்லை, மேடைக் கல் மட்டும் அவருக்குக் கீழே விரிசல் விட்டது. எனக்கு வந்ததே ஒரு கோபம். நான் வேண்டாமென்றா சொன்னேன், எனக்கு இவர் வேண்டாமா, நாயைக்கூடப் பாப்பாத்தி வேண்டுமென்று சொன்னதும் லேசாகியதே என்று அத்தனை பேரையும் விலக்கிவிட்டுக் கிட்டே போய் அவர் வலது கையைப் பிடித்தேன். கை மட்டும் இறகு மாதிரி வந்தது. தலையைத் தொட்டேன், அதுவும் லேசு, குழந்தைத் தலை மாதிரி என் தோளில் சாய்ந்தது. ஆனால் அவருடைய தோளும் முதுகும் காலும் மலையாக இருந்தன. அது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது, நான் வேண்டியது எல்லாம் என்னிடம் வந்தது, உழைக்கிற உடம்பு மட்டும் வரவில்லை, அதை வேண்ட வேண்டியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை.

மூன்று நாள் அவர் அங்கேயே இருந்தார். சாப்பாடு கொண்டுபோய் ஊட்டினேன், தார்ப்பாயை மேலே கட்டினோம், மற்ற காரியமெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள், கல்லாகிப் போனவருக்கு அதெல்லாம் ஏது. மார்க்கெட் அவரையும் பழகிக்கொண்டது. ஏலம் கேட்க வந்தவர்கள் அவர் மேல் படாமல் சுற்றிக்கொண்டு போனார்கள், பாப்பாத்தி அவர் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் பிரித்தாள், அவளோடு வந்த அந்தக் கிழட்டு நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. கோட்டைச்சாமி மட்டும் அந்தப் பக்கமாக வரவில்லை, வில்லையை மடியில் வைத்துக்கொண்டு வேறு வழியாகச் சுற்றி நடந்தார்.

கார்த்திகை பிறந்தது. மாலை போட்டவர்கள் மலையேற ஆரம்பித்துவிட்டார்கள், சுரத்துக்கு அந்தப் பக்கம் வழிநெடுக அன்னதானக் கொட்டகை, அத்தனை கொட்டகையிலும் அண்டா அண்டாவாகப் பூசணிக்காய் எரிசேரிக் கூட்டு. இந்தச் சேதி எங்களுக்குப் போனில் வரவில்லை, குவியலில் வந்தது. இரண்டாம் தேதி காலையில் தண்டபாணி மேஜை முன்னால் கிடந்த பூசணிக் குவியல் தானாகவே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அசைந்தது, உச்சியிலிருந்த காய் ஒன்று உருண்டு, தரையில் விழாமல், பலூன் மாதிரி ஒருதரம் எம்பி நின்றது. அரை மணி நேரத்தில் லாரிகள் வரிசை கட்டிவிட்டன, முதல் வண்டியில் வர்கீஸே வந்து இறங்கினார். ஐம்பது வண்டி வேண்டும், மூன்று மணிக்குள் எல்லாம் சுரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றார். கூலி ஒன்று ஒன்றேகால் ஆயிற்று, ஒன்றேகால் ஒன்றரை ஆயிற்று, திருப்பூர் போன இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கூப்பிட்டார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். எங்கள் மார்க்கெட்டைத் தவிர வேறு எந்த ஊரிலும் நடந்திருக்க முடியாத காரியம். மூட்டை பஞ்சாக இருக்கிறதே என்று இருநூறு போடுகிற வண்டியில் நானூறு போட்டார்கள், பந்து எறிகிற மாதிரி கீழேயிருந்து எறிந்தார்கள், மேலே நின்றவன் ஒரு கையால் பிடித்து எங்கே இடமோ அங்கே சொருகினான். தோள் சொன்னதை நம்பினார்கள். எடைமேடை தோளைக் கேட்குமா? முதல் வண்டி மேடையில் ஏறியதும் பின்பாரம் தாங்காமல் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, துள்ளுகிற கன்றுக்குட்டி மாதிரி நின்றது, டிரைவர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்து அக்கா அக்கா என்று கத்தினார். இரண்டாவது வண்டி வாசலிலேயே அச்சு முறிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நூறு மூட்டை என் கடை முன்னால் சரிந்தது. யார் மேலும் விழவில்லை, அது சாமி புண்ணியம். ஆனால் வாசல் அடைத்துக்கொண்டது, பின்னால் நாற்பத்தெட்டு வண்டி நிற்கிறது, மணி பதினொன்று.

வர்கீஸ் சாய்ந்து கிடந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நல்ல உயரமான ஆள், கோபம் வந்தால் காது சிவக்கும், அன்றைக்குக் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. இருபது வருஷமாக இந்த மார்க்கெட்டில் ஏற்றுகிறேன், ஒன்பது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மூட்டை நகர்ந்ததில்லை, இறக்குகிற இடத்தில் எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார்கள் என்றார். பிறகு தண்டபாணியைப் பார்த்துக் கேட்டார்.

"இத்தனை காலம் என் வண்டிக்கு அட்டி போட்ட ஆள் எவிட? அந்த ஆள் வேணும். அவர் இல்லாம என் வண்டி ஒண்ணுகூட சுரம் இறங்காது, கேட்டோ."

அப்படி ஓர் ஆள் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது, சம்பளம் இல்லாத வேலையை யார் கவனிப்பார்கள்? எனக்குத் தெரியும், கோட்டைச்சாமிக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மண்டி மேடையைப் பார்த்தோம்.

எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் தூக்கவில்லை, கை கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார், அவர் பாதத்துக்கும் மேடைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழைகிற இடைவெளி இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். ஓடிப்போய் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன், எங்கே பறந்து போய்விடுவாரோ என்று. கோட்டைச்சாமி மடியிலிருந்து வில்லையை எடுத்து அவர் புஜத்தில் கட்டினார், முடிச்சை இரண்டு தடவை போட்டார். "மூணு மூட்டைச் சட்டம் தூக்கறவனுக்குத்தாண்ணே," என்றார், "அட்டி போடறவருக்குச் சட்டம் இனிமேத்தான் போடணும்."

சாய்ந்த வண்டியைக் காலி செய்து ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு விரலால் அவரைத் தூக்கி லாரி மேலே வைத்தார்கள். அவர் முதல் மூட்டை மேல் வலது முட்டியை வைத்து அழுத்தினார், அந்த மாவாகிப்போன முட்டியை. முகம் சுருங்கியது. ஐம்பத்திரண்டு கிலோ, இது அடியில் போகட்டும் என்றார். அடுத்தது, நாற்பத்தொன்பது, இடது ஓரம். மார்க்கெட்டில் இருந்த அத்தனை தோளும் பஞ்சு பஞ்சு என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு முட்டி மட்டும் நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி எடைமேடையில் ஏறி, எல்லாச் சக்கரமும் பாந்தமாகத் தரையைத் தொட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. மூன்று மணிக்குக் கடைசி வண்டியும் போயிற்று. அன்றைக்கு நான் எத்தனை டீ போட்டேன் என்று எனக்கே தெரியாது, பால் மூன்று தடவை வாங்க ஆள் அனுப்பினேன். அட்டிக்குத் தனிக் கூலி என்று தண்டபாணியே முதலில் வாயைத் திறந்து சொன்னார், எங்க வீட்டுக்காரர் அதையும் செட்டுக் கூலியோடு சேர்த்துச் சமமாகப் பிரிக்கச் சொல்லிவிட்டார். இத்தனை பட்டும் அந்த ஆள் திருந்தவில்லை.

அன்று சாயங்காலம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன், பந்து மாதிரி வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். நல்லா வலிக்குது என்றார், பரிசு வாங்கிய பிள்ளை சொல்கிற மாதிரி.

அடுத்த தை மாதம் மூட்டைகளுக்கு வந்த மனசு வந்த மாதிரியே போய்விட்டது, ஐம்பது கிலோ எல்லோருக்கும் ஐம்பது கிலோவாயிற்று, ஊர் அதையும் பழகிக்கொண்டது. அட்டிக்காரர் என்ற வேலை மட்டும் நிலைத்துவிட்டது, ஒவ்வொரு மார்க்கெட்டிலிருந்தும் பார்த்துப் பழக ஆட்கள் வருகிறார்கள். மேற்குப் பார்த்துக் கும்பிடுவதை யாரும் விடவில்லை. நானும் அந்த இரண்டாவது டம்ளர் டீயை இன்றைக்கும் அந்தப் பக்கமாகத்தான் வைக்கிறேன், தாயே, நீ யாரோ எவரோ, உன் அடுப்பு எரியட்டும், உன் பிள்ளைகளுக்கு நன்றாகப் பசிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குப் பூசணிக்காய் வைக்கலாமே என்று நினைக்கிறாள். இங்கே எங்க வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார்.